மயிலாள் தரையில் வரைந்த நாற்பது பேர்

குழந்தையைத் தூங்க வைப்பதில் மயிலாளை மிஞ்ச உலகத்திலேயே ஆள் கிடையாது. அவள் ‘ரோ ரோ ரோ’ என்று ஒருமுறை இழுத்தால் எதிர் கம்பெனி செக்யூரிட்டியும் சேர்ந்து தூங்கிவிடுவார். சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். முதலிபாளையம் தொழிற்பேட்டையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே உள்ள மூன்று தெருக்களில் அவளுக்கு நிகர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி தூங்கியது மட்டும் சத்தியம். ஆனால் அவர் பாட்டு தொடங்குவதற்கு முன்பே தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

மயிலாள் குண்டடத்துக்காரி. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் கட்டிங் டேபிளில் நின்றவள். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் முன்பக்கம், முதுகு, கை என்று அட்டைகளை வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவது வேலை. ஒன்றின் கழுத்து வளைவுக்குள் இன்னொன்றின் கைத்துண்டைச் செருகி, விரற்கடைத் துணிகூட வீணாகாமல் வரைய வேண்டும். அந்தக் கோட்டுப் படத்துக்கு மார்க்கர் என்று பெயர். மாஸ்டர்மார் நூறு பனியன் எடுக்கிற துணியில் மயிலாள் நூற்று மூன்று எடுப்பாள். நின்று நின்று முழங்கால் தேய்ந்த பிறகு ஒரு பழைய நூல் குடோனைப் பிடித்து, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் தொடங்கினாள். கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் பெயரைக் கேட்கமாட்டாள். ஏற இறங்கப் பார்த்து, “மீடியம். வவுறு மட்டும் லார்ஜு” என்பாள்.

காப்பகத்துக்கு இருபது பிள்ளைகளுக்குத்தான் லைசென்ஸ். 2007இல் ஆர்டர் குவிந்து, தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்க, இடம் கேட்டு இன்னும் இருபது பெயர் சுவரில் பட்டியலாகத் தொங்கியது. வந்த வரிசைதான் வரிசை. கெஞ்சினாலும் கோழியைக் கொண்டுவந்து கட்டினாலும் அது மாறாது. அதில் பன்னிரண்டாவது பெயர் தனுஷ், வயது ஒன்றரை. அவன் அம்மா ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, பனியன் தைப்பவள். இத்தனை நாள் அவனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் குப்பாயி, பொங்கலூரில் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேங்க்கா. எடம் இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிருவேன். இவன மெஷினுக்கு அடியில போட்டுட்டு என்னால தைக்க முடியாது” என்றாள் ஒச்சாயி.

“பொட்டியக் கட்டாத கண்ணு. வெள்ளிக்கெழம லைசென்சு ஆபீசரம்மா வர்றாங்க. நாப்பது பேத்துக்கு வாங்காம உடமாட்டேன்.”

சொல்லிவிட்டாள். ஆனால் இருபது பெரிய பாயை விரித்தாலே குடோன் முடிந்துவிடும். வியாழக்கிழமை காலை மயிலாள் இடுப்பில் முந்தானையைச் செருகினாள், ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்தாள், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தரையில் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள். பட்டியலில் இருந்தவர்களையும் அவரவர் வீட்டிலிருந்து வரவழைத்து அளவெடுத்தாள்.

காப்பகத்தில் அவளுக்குத் துணையாக இருந்த ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“என்னக்கா இது, போலீஸ்காரன் பொணத்தச் சுத்திக் கோடு போடுத மாரி இருக்கு?”

“வாயக் கழுவு ரோஸு. இது மார்க்கர். பாரு, திருமூர்த்தி காலை அகட்டிப் படுக்கறான். நடுவால இருக்கற எடம் வேஸ்ட்டுத்தான? அங்க ஆஷா தலைய வெச்சாச்சு. ஆஷா கக்கத்துல தனுஷு காலு.”

“அவன் மிதிச்சாம்னா?”

“பதினெட்டு வருசத்துல ஒரு துணி என்னை மிதிச்சதில்ல.”

“இது துணி இல்லல்லாக்கா!”

மயிலாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலையில் அவளுடைய கயிற்றுக் கட்டில் கிடந்தது. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை அவள் கண்ணயரும் இடம். அதை நகர்த்துவது பற்றி ஊரில் யாரும் பேசியதில்லை. அதற்கு அடியிலும் இரண்டு பிள்ளைகளை வரைந்து நாற்பதை முடித்தாள். டீ கொண்டுவந்த டீக்கடைக் குருசாமி வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கைகூப்பி, “எப்படீங்க ஆச்சு? பஸ்ஸுங்களா?” என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி சித்ரகலா ஃபைலோடு வந்தபோது நாற்பது பிள்ளைகளும் அவரவர் கோட்டுக்குள் அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மயிலாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு விரற்கடைத் தரைகூட வெளியே தெரியவில்லை.

“ஏனுங்க, லைசென்ஸ் இருபது பேருக்குத்தானே? இங்க நாப்பது இருக்காங்களே?” என்றார் சித்ரகலா.

“மீதி இருபதும் சாம்பிளுங்க மேடம்.”

“சாம்பிளா?”

“ஆர்டர் புடிக்கறதுக்கு முந்தி சாம்பிள் காட்டோணுமில்லீங்களா? பாத்துப்போட்டுத்தானுங்க அப்ரூவல் குடுப்பாங்க.”

சித்ரகலா ஃபைலில் நீளமாக ஏதோ எழுதினார். பாராட்டுத்தான் என்று மயிலாள் நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் பின்பக்கக் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றார். வழி? வழி வரையப்படவில்லை. முதல் அடியை ஒருவன் காதருகே வைத்தார். இரண்டாவதை ஒருத்தியின் இடுப்பு வளைவில் வைத்தார். நடுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் மூன்றாவது அடிக்கு இடமில்லை. ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றார்.

“அடுத்த காலை எங்கீங்க வைக்கறது?” என்றார், மூச்சுக்குரலில்.

“செத்த பொறுங்க மேடம். ஆஷா தோளுக்குங் கீழ நாலு வெரக்கடை எடம் இருக்குதுங்க. வெரலை மட்டும் ஊனுங்க.”

அவர் விரலை ஊன்றும் நேரம் பார்த்துத் திருமூர்த்தி புரண்டான்.

அவன் முழங்கால் ஆஷாவின் தலையில் பட்டது. நாலு வயது ஆஷா கண்ணைத் திறக்காமலே அவன் தொடையைக் கடித்தாள். அவன் போட்ட அலறலில் தனுஷ் உருண்டு மூன்று பேர்மேல் போய் விழுந்தான். அந்த மூவரும் ஆளுக்கு மூன்று பேரை உதைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார, கட்டில் ஓரடி எழும்பி இறங்கியது. நாற்பது குரலும் சேர்ந்து எழுந்தபோது எதிர் கம்பெனி செக்யூரிட்டி பட்டப்பகலில் விழித்துக்கொண்டு, சங்கு ஊதிவிட்டது என்று கேட்டைத் திறந்துவிட்டார். சித்ரகலா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துபோனார். அவர் மடியில் நாலு பேர் ஏறினார்கள். கண்ணாடி தனுஷின் வாயில் இருந்தது.

“அலவன்ஸ்!” என்று மயிலாள் தலையில் அடித்துக்கொண்டாள். எந்தத் துணியிலும் அளவுக்கு மேல் தையலுக்குக் கொஞ்சம், சுருங்குவதற்குக் கொஞ்சம் விட்டுத்தான் கோடு போட வேண்டும். பதினெட்டு வருடம் பனியனுக்கு விடத் தெரிந்தவள், பிள்ளைகள் புரள்வதற்கு விட மறந்துவிட்டாள்.

அமர்க்களம் அடங்கியதும் சித்ரகலா கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “பாய்க்கும் பாய்க்கும் நடுவுல ஓரடி வேணுங்க. நடக்க வழி வேணும். இப்படி இருந்தா நான் ரிஜெக்ட்னுதான் எழுதணும்.”

சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்த ஒச்சாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மயிலாள் அதிகாரியின் குறுக்கே போய் நின்றாள்.

“ரிஜெக்ட் மட்டும் வேண்டாமுங்க மேடம். ஆல்ட்ரேசன் பண்ணிக் குடுத்தர்றனுங்க. அர மணி நேரம்.”

ஈரத்துணியால் நாற்பது பேரையும் தரையிலிருந்து துடைத்தாள். டேப்பின் ஒரு முனையைச் சித்ரகலாவின் கையிலேயே கொடுத்தாள். இந்த முறை எல்லாருக்கும் ஒரே பெரிய பாய் இல்லை. சின்னதுக்குச் சின்னப் பாய், நீளத்துக்கு நீளப் பாய், சுற்றிலும் ஓரடி, நடுவே வாசலிலிருந்து கழிப்பறை வரை நேராக ஒரு வழி. இருபது பேர் நிறைந்த அதே தரையில் முப்பது பேர் வந்தார்கள். சித்ரகலா இரண்டுமுறை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

“புதுசா பத்துப் பேருக்கு எடம்” என்றாள் ரோஸ்மேரி. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். தனுஷ் பன்னிரண்டு.

“பரவால்லக்கா. நீங்க என்ன செய்வீங்க” என்று ஒச்சாயி திரும்பினாள்.

சித்ரகலாவின் பேனா மூலையைக் காட்டியது. “அந்தக் கட்டில் எந்தக் குழந்தைக்குங்க?”

மயிலாள் கட்டிலைப் பார்த்தாள். ஒச்சாயியைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

“...அது எனக்குங்க.”

கட்டில் வெளியே போயிற்று. அந்த இடத்தில் இரண்டு சின்னப் பாய் கச்சிதமாக விழுந்தது. முப்பத்திரண்டு பேருக்கு அனுமதி தரலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் சித்ரகலா.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் மயிலாளைச் சூழ்ந்துகொண்டார்கள். மீதி எட்டுப் பேருக்குப் பக்கத்துக் குடோனைக் கேட்டுப் பார்ப்பதாக முதலில் சத்தியம் செய்தாள். பிறகு கதையை எடுத்தாள்.

“கட்டில் யாருதுன்னு கேட்டாங்க. கேட்டு முடிக்கலைங்க, ஒத்தக் கையில தூக்கி வாசலுக்கு வெளிய வீசினனுங்க! ‘ஒச்சாயி பையன் தூங்கோணும், எனக்கெதுக்குங்க தூக்கம்’னு சொன்னேன். ஆபீசரம்மா அசந்து போய்ட்டாங்க.”

பாய் சுருட்டிக்கொண்டிருந்த ரோஸ்மேரி நிமிர்ந்தாள்.

“எக்கா, நீங்க கட்டில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு எறங்க மாட்டேம்னுட்டியள்லா. நானும் ஒச்சாயியும் குருசாமியும் அந்த ஆபீசரும் ஆளுக்கொரு காலப் புடிச்சு, உங்களையும் சேத்துத்தான் வெளிய தூக்கி வச்சோம்.”