பெயர்ப்பலகையைக் கழற்றிய வழக்கு

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தீவு டீச்சர்'. கடல், மணல் என்று கற்பனையை ஓட்டவேண்டாம். அவர் ஆராய்ந்ததெல்லாம் மனிதர்களைவிடக் கம்பெனிகள் அதிகமாகக் குடியிருக்கும் தீவுகளை. அங்கே வரி கிடையாது. சொத்து யாருடையது என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதும் கிடையாது.

பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் போனில் யாரைக் கிழித்தாலும் எனக்குக் கேட்கும். அவருடைய அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சம்பளம் கைக்கு வருவதற்குள் வரியைப் பிடித்துவிடுவார்கள். ஏய்க்க ஆசைப்பட்டிருந்தாலும் அந்த மனிதருக்கு வழியில்லை.

ஒவ்வொரு நாடும் தன் ஜனங்கள் வெளிநாட்டில் வைத்திருக்கும் சொத்தைப் பற்றியும், வெளிநாட்டார் தன்னிடம் போட்டிருக்கும் சொத்தைப் பற்றியும் அறிக்கை விடும். உலகம் முழுதும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இருக்காது. உடையவனே இல்லாத சொத்து மலைபோல் மிஞ்சும். 'அது யாருடையது?' என்று கேட்பதுதான் அவர் தொழில். தலை நரைக்கும்வரை கேட்டார்.

ஒருமுறை சொந்தச் செலவில் ஒரு தீவுக்கே போனார். ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு முகவரியாக இருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வரவேற்பு மேசையில் ஒரே ஒரு பெண். இவர் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, இயக்குநரைப் பார்க்கவேண்டும் என்றார். மீட்டிங்கில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னொரு கம்பெனியைக் கேட்டார். அவரும் மீட்டிங்கில். "அவ்வளவு பேரும் எந்த ரூம்ல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டதும் காவலாளி வந்து வாசலைக் காட்டினான்.

இந்தக் கதையை அவர் தன் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அக்கா புருஷன் சிரிக்கவில்லை. அவர் பெரிய ஆடிட்டர்; பணக்காரர்களுக்கு அந்த மாதிரிக் கம்பெனிகளைப் பிறப்பித்துக் கொடுப்பவர்.

"அது ஏய்ப்பு இல்லம்மா, வரித் திட்டமிடல். சட்டத்துலயே இடமிருக்கு."

"இருக்காதா பின்ன? சட்டத்தை எழுதிக் குடுத்ததே உங்க ஆளுங்கதானே, மாமா?"

அக்கா குறுக்கே பாத்திரத்தை நீட்டி, "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க," என்றாள்.

பிறகு அரசாங்கம் செல்வ வரி என்று பேச்செடுத்தது. இவருடைய ஆய்வுகள் பத்திரிகையில் வந்தன. உடனே ஒரு சிமெண்ட் முதலாளிக்குக் கல்வியின்மேல் பாசம் பொங்கியது. தன் பெயரில் ஓர் ஆய்வு இருக்கை அமைக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தார்.

துணைவேந்தர் இவரைக் கூப்பிட்டார். "அந்த இருக்கை உங்களுக்குத்தான் மேடம். அவரே உங்களைத்தான் சொன்னாரு."

"அவரை மாதிரி ஆளுங்களைப் பத்தித்தான் சார் நான் எழுதறேன்."

"அதனாலதான் சொல்றேன். இனிமே கொஞ்சம் பொதுப்படையா எழுதுங்களேன்."

இவர் ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: எதை ஆராய்வது என்பதில் யாரும் தலையிடக்கூடாது. முதலாளியின் வக்கீல்கள் நன்கொடைக்கான வரிச்சலுகையில் மூழ்கியிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் துறையிலோ "விலை போயிட்டாங்க" என்று ஒரே முணுமுணுப்பு. பணக்காரர்களைப் பற்றி ஆயுளில் ஒரு வரி எழுதாதவர்கள்தான் அதிகமாக முணுமுணுத்தார்கள்.

இருக்கையில் உட்கார்ந்து அவர் எழுதிய முதல் ஆய்வு, அந்த இருக்கைக்குப் பணம் வந்த வழியைப் பற்றியது. நன்கொடையை அனுப்பியதே ஒரு தீவுக் கம்பெனி. இங்கே தயாரான சிமெண்ட்டை முதலாளி காகிதத்தில் அந்தக் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு விற்பார். கம்பெனி அதை முழு விலைக்கு வெளியே விற்கும். லாபம் தீவில் தங்கும், வரி எங்கும் இருக்காது. அதில் ஒரு துளி நன்கொடையாகத் திரும்பி வரும். அதற்கும் இங்கே வரிச்சலுகை. வள்ளல் பட்டமும் கிடைத்தது, வரியும் மிச்சமானது!

முதலாளிக்கு மானம் என்ற ஒன்று இருப்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தன் பெயரை இருக்கையிலிருந்து எடுக்கவேண்டும், பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வழக்குப் போட்டார்.

நீதிபதி வக்கீலைப் பார்த்து, "பேரைப் போடச் சொன்னது யாரு?" என்றார்.

"என் கட்சிக்காரர்தான். ஆனா இப்படி ஆராய்ச்சி பண்ணுவாங்கன்னு அவர் எதிர்பார்க்கலை."

"ஆராய்ச்சிக்குத்தானே குடுத்தாரு?"

பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. பணம் திரும்பவில்லை. திருப்பிக் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வரிச்சலுகை. அந்த ஆசையில் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அறை வாசலில் மாட்டியிருந்த முதலாளியின் பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்த அன்று டீச்சர் தன் நாற்காலியை அவனுக்கு ஏறி நிற்கக் கொடுத்தார்.

இதோடு நியாயம் ஜெயித்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். செல்வ வரிச் சட்டம் வந்தது. வீட்டுக்கு விலக்கு, நிலத்துக்கு விலக்கு, பங்குக்கு விலக்கு. எஞ்சியது உல்லாசப் படகு ஒன்றுதான். அதுவும் உள்நாட்டுத் துறைமுகத்தில் நின்றால்தான் வரி. அந்த வாரமே படகுகள் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டன. மந்திரி சாதனை என்று விழா எடுத்தார். ஆடிட்டர் மாமாவுக்கு முன்வரிசையில் இடம்.

டீச்சர் விழாவுக்குப் போகவில்லை. முதலாளியின் பணத்தில் உதவித்தொகை வாங்கும் இரண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு, எந்தப் படகு எங்கே போனது என்று விசாரிக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார்.