சுவரில் மூன்று தட்டு

எங்கள் சந்துக்கு முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும், இது மயிலாப்பூர்தானா என்று கேட்பார்கள். கோயில் குளத்தருகே பஸ் ஹாரனும் பூக்காரர்களின் கூவலும் காதைக் கிழிக்கும். இரண்டு முனை திரும்பி உள்ளே வந்தால் ஒன்றுமே கேட்காது. ஒரு பக்கம் பழைய பங்களா ஒன்றின் நீண்ட மதில். மறுபக்கம் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் வீடுகள். அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும்.

நான் ராயப்பேட்டையில் வளர்ந்தவள். ஆஸ்பத்திரி வண்டியின் சைரனைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள். வயிற்றில் பிள்ளையோடு வீடு தேடி அலைந்தபோது இந்தச் சந்தின் அமைதிக்காகவே இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அமைதி எல்லாருக்கும் சும்மா கிடைப்பதில்லை, அதற்குள் பிறக்கிற குழந்தை அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அவள் நடக்க மாட்டாள், ஓடுவாள். பேச மாட்டாள், கத்துவாள். நான் அவள் பின்னாலேயே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு திரிவேன். அவள் கீழே எதையாவது போட்டால் முதலில் அவள் காலைப் பார்க்க வேண்டிய நான், சுவரைப் பார்ப்பேன். வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாமா இருக்கிறார். பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துக்கொள்வார். சத்தம் கேட்டால் விரல் முட்டியால் சுவரில் ஒரே ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுக்கு நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவேன்.

எங்கள் வரிசையில் தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிவதற்கு முன் வரும். எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. சந்து முனையில் இருக்கும் முதல் வீட்டுக்குத்தான் முதலில் வரும். அந்த வீட்டில் இருப்பவர்கள் எழுந்து, அடுத்த வீட்டுச் சமையலறைச் சுவரில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார்கள். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே முட்டுச்சந்தின் கடைசி வீடு வரை போகும். எல்லா வீட்டுப் பின்கட்டிலும் அடிபம்பு சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் தூங்குகிறவன் போனைப் பார்ப்பதில்லை. சுவர் எழுப்பிவிடும்.

எங்கள் வீடு நடுவில். மாமா எங்களுக்குத் தட்டுவார், நான் இடப்பக்க வீட்டுக்குத் தட்டுவேன். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பரிசு வாங்கியவளின் புத்தி அது.

போன மாதம் ஒரு மத்தியானம். நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மகள் ரசக் கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போயிருக்கிறாள். தண்ணீர் வரும் விடியற்காலைகளில் என் இடுப்பில் உட்கார்ந்து பார்த்ததை அப்படியே செய்தாள். இடப்பக்கச் சுவரில் மூன்று தட்டு. ஒரு சுவர் போதாதென்று வலப்பக்கத்திலும் மூன்று.

பகலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று வரிசையே எழுந்துவிட்டது. தட்டு கடைசி வீடு வரை போய்விட்டது. தூக்கத்தில் இருந்தவர்கள் குடத்தோடு பின்கட்டுக்கு ஓடினார்கள். எனக்கு முதலில் கேட்டது மாமா வீட்டு அடிபம்பு. காற்றை விழுங்கி விழுங்கி முனகியது. மனிதர் விடாமல் அடித்தார். அதற்குள் என் மகள் கரண்டியோடு வந்து, "தண்ணி வந்தாச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்தார். பெசன்ட் நகரில் இருக்கிறார், எங்கள் குரலைக்கூட மறந்திருப்பார். பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது, அடுத்த மாதம் அக்ரிமென்ட் முடிகிறது, யோசித்துத்தான் புதுப்பிக்க வேண்டும் என்றார். என் கணவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு போனை வைத்தார். பிறகு, வம்பு எதற்கு, கிண்டி தாண்டிப் போனால் விளையாட இடத்தோடு ஃபிளாட் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிற மனிதர்.

நான்தான் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தேன். மாமாவுக்கும் வயதாகிவிட்டது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, ஒரு தூக்கம் கெட்டால் நாள் முழுக்கக் கெடும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போது இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். அவர் கிரில் கதவைத் திறக்கவில்லை.

"உன் பொண்ணு இந்தத் தெருவுக்கே ஆர்டர் போடறா. நாங்க எழுந்து ஓடறோம்" என்றார்.

நான் மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா. மத்தியானம் ரெண்டு மணி நேரம் அவளப் பின்கட்டு ரூம்ல விட்டுக் கதவச் சாத்திடு. அழுதா அழட்டும். தானா அடங்கிடும். நாங்கள்லாம் அப்படித்தான் வளந்தோம்."

அந்த அறையில் சிலிண்டரும் வாளிகளும் இருக்கின்றன. ஜன்னல் கிடையாது. நான் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சரி மாமா என்றுதான் சொல்லியிருப்பேன்.

"சாத்த மாட்டேன் மாமா. கரண்டிய உசரத்துல வெச்சுடறேன், அது என் வேல. கொழந்த சத்தம் போடும். அவ வீட்டுல அவ போடறா."

அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் வந்ததும் ரசக் கரண்டியை அலமாரி உச்சியில் வைத்தேன். அவ்வளவு பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கலாமா? மாமா என்று இரண்டு தடவை சொல்லியிருக்கலாமோ? ராத்திரிச் சாப்பாடு வரை இதே ஓட்டம். ஆனால் மகளிடம் விரலை உதட்டில் வைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். எனக்கு விழிப்பு வந்தபோது வெளியே வெளுத்திருந்தது. சுவரில் தட்டே இல்லை. அவசரமாகப் போய் பம்பை அடித்துப் பார்த்தேன். குழாய் இருமியது, அவ்வளவுதான். மாமா வீட்டு வாசலில் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது.

ஏழு மணிக்குக் கடைசி வீட்டு டீச்சர் வந்தார். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், சந்து முழுக்க அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். கையில் காலிக் குடம்.

"என்னம்மா, தட்டலியா? எங்க நாலு வீட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல."

பழக்க தோஷத்தில் சாரி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"எனக்கு யாரும் தட்டல மிஸ்" என்றேன். வலப்பக்கம் கையைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. என்னைப் பழிவாங்க நிறுத்திய தட்டு, எனக்குப் பின்னால் இருந்த எல்லா வீட்டையும் சேர்த்துப் பழிவாங்கிவிட்டது. மாமா அதை யோசிக்கவில்லை. பாங்க்கில் அத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவர்.

மிஸ் நேராக அவர் வாசலுக்குப் போனார். நான் என் வாசலிலேயே நின்றேன்.

"சார், உங்க கோவம் அவங்க வீட்டோட. எங்க வீட்டுக் குடம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அந்தக் கொழந்தை தட்டினா நிஜமா பொய்யான்னு யாருக்குத் தெரியும் டீச்சர்?"

"அது தண்ணி இல்லாதப்ப தட்டுச்சு. நீங்க தண்ணி வந்தும் தட்டல. ரெண்டுல எது சார் பெரிய தப்பு?"

அவர் உள்ளே போய்விட்டார். மிஸ் திரும்பி வரும்போது என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த நிமிடமே நான் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். கணவர் குளியலறையில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்த்து நான் தணிந்துவிடுவேன்.

நாங்கள் காலி செய்யப் போவதில்லை என்றேன். வீட்டைக் கோயில் மாதிரி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றேன். வீடு கொடுக்கும்போது என் வயிற்றைப் பார்த்துத்தானே கொடுத்தீர்கள், உள்ளே இருந்தது குழந்தை இல்லாமல் வேறென்ன என்று நினைத்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். சண்டை மட்டும் வேண்டாம், பத்திரத்தோடு அடுத்த வாரம் வருகிறேன் என்றார். சண்டை வேண்டாம் என்பதற்கு நான் சரி என்று சொல்லவில்லை.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது தட்டு கேட்டது. மூன்றும் தேவைக்கு மேல் பலமாக. மகளும் எழுந்துவிட்டாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உயரத்தில் வைத்திருந்த ரசக் கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

இடப்பக்கச் சுவரில் அவள் மூன்று தட்டினாள். அது அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று சன்னமாகிக்கொண்டே மிஸ் வீடு வரை போவதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் இடுப்பில் இருந்தபடியே உடம்பைத் திருப்பி, வலப்பக்கச் சுவரிலும் ஓங்கித் தட்டினாள். என் கை அவள் கரண்டியைப் பிடிக்கப் பாதி தூரம் போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

மாமா வீட்டு அடிபம்பு சற்று நின்றது. பிறகு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.