காவல்காரர் பேரில் வாங்கிய மின் இணைப்பு

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு இருந்த மின் இணைப்பு எங்கள் யார் பேரிலும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட காவல்காரர் பேரில் இருந்தது. அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான்.

வீடு பங்காளிகளுக்குப் பொது. பெரும்பாலோர் மெட்ராஸிலும் மதுரையிலும் இருந்தார்கள். ஊரிலேயே தங்கியவன் கல்லூரியில் பாடம் நடத்திய நான் ஒருவன்தான். பாட்டனார் பேரில் இருந்த பழைய இணைப்பைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, புதிய இணைப்பு யார் பேரில் என்று கேள்வி எழுந்தது. எவன் பேரில் மின் அட்டை இருக்கிறதோ அவன் நாளைக்குக் கோர்ட்டில் அதைக் காட்டி வீடு தன்னுடையது என்பான் என்று ஒவ்வொருவருக்கும் பயம். எனக்கும்தான். அப்படியானால் பங்கே இல்லாத ஆள் பேரில் இருக்கட்டும் என்றேன். நல்ல மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள். காவல்காரரிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. கையெழுத்து கேட்டோம், போட்டார்.

பிறகு பங்காளிகளில் ஒருவரான என் ஒன்றுவிட்ட தம்பியின் மகளுக்கு அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது. முகப்பு முழுக்க சீரியல் பல்பு. கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் இரவு பகலாக ஓடின. பின்னால் வந்த பில்லைப் பார்த்துவிட்டு, மீட்டர் தவறாக ஓடியிருக்கிறது என்று தம்பி மனுக் கொடுத்தார். மின்வாரியத்தார் மீட்டரைச் சோதித்துச் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். கல்யாணம் நடத்தியவர் கட்டட்டும் என்று நான் சொன்னேன். வந்து தங்கிய எல்லோரும் பங்கு போட்டுக் கட்டட்டும் என்று தம்பி சொன்னார். மொத்த பில்லும் அந்தக் கல்யாணத்துக்கு எடுத்த ஒரு பட்டுச் சேலையின் விலைதான் இருக்கும். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இணைப்பைத் துண்டித்தார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வெளிச்சம் எதற்கு என்று விட்டுவிட்டோம். பாக்கி அப்படியே நின்றது.

காவல்காரர் பகலில் பக்கத்து ஊரான புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். ஆலைக்குப் பக்கத்து முக்கில் ஒரு கடை காலியானது. அதில் மாவு மில் வைக்க ஆசைப்பட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டார். பங்குனி வரை காத்திருப்பதாகக் கடையின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். மோட்டாருக்கு பேங்கில் கடன் கேட்டபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. கடன் மனுவை விசாரித்த பேங்க்காரர்கள், 'மின் கட்டணம் கட்டாதவர்' என்று அவருடைய ஃபைலில் எழுதிவிட்டார்கள். பழைய பாக்கி தீராமல் புது இணைப்பு கிடையாது என்று மின்வாரியமும் கைவிரித்தது.

காவல்காரர் என்னை பேங்குக்குக் கூட்டிப்போனார். மேனேஜர் நல்ல மனிதர்.

"நீங்களே சொல்லுங்க சார். வீட்டுக் கரண்டுக்கே பணம் கட்டாத ஆளு மில்லு மோட்டாருக்குக் கடன் கேட்டா, மேல இருக்கவுக என்னைய என்ன சொல்லுவாக?"

காவல்காரர் சிரித்து வைத்தார்.

"ஒரு கடுதாசி போதும் சார்" என்றார் மேனேஜர். "பாக்கி வீட்டுக்காரவுகளோடது, இவரோடது இல்லைன்னு எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பி அந்தக் குறிப்ப எடுத்துவிடுறேன். வாரியத்துலயும் அதையே காட்டலாம்."

பேனாவை எடுத்தேன். எழுதினால் பாக்கியை ஒப்புக்கொண்டது போல ஆகும், முழுப் பணமும் என் தலையில் விழும், தம்பி ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது. பேனாவைத் திரும்பச் சட்டையில் செருகிக்கொண்டேன்.

"பங்காளிககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுத் தர்றேன்" என்றேன்.

அன்றைக்கே மெட்ராஸில் இருந்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுங்கண்ணே" என்றார் தம்பி. "காலேசுல பாடம் நடத்துனவுக, நல்லா எழுதுவீக. எழுதுன கையோட பணத்தையும் கட்டிருங்க."

"கல்யாணம் யாரு வீட்டுக் கல்யாணம்?"

"தங்குனது யாரு வீட்டு ஆளுக? ஒங்க மாப்பிள்ளை அறையில ஏர்கூலரு நின்ன நேரம் உண்டா?"

நான் போனை வைத்துவிட்டேன். கோபம் வந்ததற்குக் காரணம் அவர் சொன்னது உண்மை என்பதுதான்.

அதன் பிறகு காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று, "ஐயா, அந்தக் கடுதாசி..." என்பார். "பேசிக்கிட்டு இருக்கேன்ப்பா" என்பேன். யாரோடும் பேசவில்லை. ஒரு தடவை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரு அரிக்கேன் விளக்க வச்சுக்கிட்டு ஒங்க வீட்டுல காவ இருக்காக" என்றார் அந்த அம்மா. "அட்டையில பாத்தா மகாராசாவாட்டம் கரண்ட எரிச்சுருக்காக. எங்களுக்கே தெரியாம எப்பய்யா எரிச்சாக?"

"சும்மா இரு" என்று அவர் அடக்கினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பங்குனி போனது. கடையின் சொந்தக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடத்தை வேறொருவருக்கு விட்டார். அடுத்த ஞாயிறு காவல்காரர் கடுதாசி கேட்கவில்லை. சாவிக்கொத்தை நீட்டினார்.

"வேற ஆளு பாத்துக்குங்கய்யா. ஆலையில ராத்திரி லோடு ஏத்துறதுக்கும் ஆளு கேக்குறாக."

என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அந்தக் கடிதத்தை எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. பாக்கி முழுவதையும் நானே கட்டினேன். ரசீதையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். புது மேனேஜர் வந்திருந்தார். ஃபைலைத் தேடி எடுக்கச் செய்து, பழைய குறிப்பை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "இப்ப அவரு மேல ஒண்ணும் இல்ல சார். வரச் சொல்லுங்க" என்றார்.

மத்தியானமே புதுவயலுக்கு பஸ் ஏறினேன். ஆலை வாசலில் லாரி நின்றது. காவல்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

"வாங்கய்யா. இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக? ஆளு அனுப்பியிருந்தா நானே வந்துருப்பேனே."

விஷயத்தைச் சொன்னேன். ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"நல்லதுய்யா. பேரு சுத்தமாயிருச்சு."

"கடனுக்கு எழுதிக் குடுப்பா. நான் ஜாமீன் நிக்கிறேன்."

"இப்ப எதுக்குய்யா? அங்குட்டுப் பாருங்க."

முக்குக் கடையில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் தூக்குப் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள்.

"இருக்க ஊருக்கு ஒரு மில்லே போதும். ரெண்டாவது வச்சா ரெண்டும் படுத்துரும். அதுபோக முதுகும் முன்னைக்கு மாதிரி இல்ல. மூத்த மகளுக்கும் மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். கடனோட நிக்க முடியாதுய்யா."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். "என்னண்ணே, சொந்தக்காரவுகளா? மூட்டை கெடக்கு" என்று கத்தினார்.

"வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, டீக்கடையில் எனக்கு ஒரு டீ சொல்லி அவரே காசு கொடுத்தார். ரசீதை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு மூட்டை தூக்கப் போனார்.