சிக்குன்குனியாவுக்கு ஊசி இல்லையாம்

இன்று வவுனியாவில் டொக்டரிடம் போனேன். சிக்குன்குனியாதானாம். விரல்கள் வீங்கிக் கடைக் கதவைக்கூடத் திறக்க முடியவில்லை.

"ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ டொக்டர்."

"அண்ணை, இதுக்கு ஊசியும் இல்லை, இஞ்ச தடுப்பூசியும் இல்லை. பரசிட்டமோலைப் போட்டு, நல்லாத் தண்ணி குடிச்சுப் படுங்கோ."

"ஊரில எத்தினை பேருக்கு வந்திருக்கு?"

"இஞ்ச வந்த ஆக்களைத்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டில கிடக்கிறவை கணக்கில இல்லை. உங்கட வீட்டில வேற ஆருக்கும் காய்ச்சலோ?"

"வேற ஆருமில்லை. மனிசியும் பிள்ளையளும் கனடாவில."

அவர் பேனையை வைத்துவிட்டு, "அப்ப தண்ணி ஆர் தாறது?" என்றார்.

"நான் யாவாரி, டொக்டர். எடுத்துக் குடுக்கிறதுதானே என்ர தொழில்," என்றேன்.

வீட்டுக்கு வந்து பரசிட்டமோல் குளிசை மட்டையோடு மல்லுக்கட்டுகிறேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. இதையும் ஒரு விரலால்தான் தட்டுகிறேன்.

தனியாக இருந்து இந்தக் காய்ச்சலைக் கண்டவர்கள், குளிசையை எப்படிப் பிதுக்கினீர்கள் என்று எழுதுங்கள்.