கோல்கீப்பருக்கு எழுதிய மனு

விதி 9: நூலகப் புத்தகங்களில் பேனாவாலோ பென்சிலாலோ எழுதக் கூடாது. எழுத்துள்ள புத்தகத்தைத் திருப்பித் தருபவரே அதை எழுதியவராகக் கொள்ளப்படுவார். அவருடைய அட்டை ரத்து செய்யப்படும்.

அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். இவ்வளவு கச்சிதமான விதியை அங்கேகூட அதிகம் பார்த்ததில்லை. குற்றவாளியைத் தேட வேண்டாம், விசாரணை வேண்டாம். புத்தகத்தோடு வந்து நிற்பவரைப் பிடித்துக்கொண்டால் போதும். எழுபதுகளின் நடுவில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப்போன எங்கள் ஊரின் சாரம் பகுதியில், தெருமுனை வாடகை நூலகத்தில் இது அட்டையில் எழுதித் தொங்கியது. புத்தகத்தோடு போய் நிற்பவள் நான். எழுதியவர்கள் வேறு இரண்டு பேர்.

ஒருவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. பத்திரங்கள் பதியும் நொத்தேர் ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. நாளெல்லாம் பாகப்பிரிவினையும் உயிலும் அடித்துவிட்டு வருகிறவளுக்கு விளையாட்டு வீரர் காதல் கதைகள் என்றால் உயிர். நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டு முழுவதும் அந்த வகைதான். கதாநாயகன் ஓட்டக்காரனாகவோ நீச்சல்காரனாகவோ பந்தாட்டக்காரனாகவோ இருப்பான். அறுபதாம் பக்கத்தில் அவனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வரும். எண்பதாம் பக்கத்தில் கதாநாயகி அவன் முழங்காலுக்குக் கட்டுப் போடுவாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது, அதுவே எங்களுக்குத் தாராளம். மொட்டைக் கடிதம் எழுதியவன் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாடு முடிந்ததும் நானும் அத்தையும் மின்விசிறிக்கு அடியில் குப்புறப் படுத்து ஒரே புத்தகத்தைப் படிப்போம். அவள் என்னைவிட மெதுவாகப் படிப்பாள். நான் முந்திவிடாமலிருக்கப் பக்கத்தின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். பதினொரு வயதிலேயே யாருக்கு யார் மேல் விருப்பம் என்பதை முப்பதாம் பக்கத்துக்குள் சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இரண்டாமவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஒரு கதையில் கோல்கீப்பர் கதாநாயகியை நினைத்துக் கண்ணை மூடி, பெனால்டிப் பந்தைப் பிடித்துவிடுகிறான். ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்: ‘கண்ணை மூடினால் பந்து வலைக்குள் இருக்கும். ஆறு வருடமாக மில் அணிக்குக் கோலில் நிற்கிறேன்.’

“பார்ரி இந்த ஆளை! நல்ல எடத்துல வந்து விசில் ஊதறாரு” என்றாள் அத்தை. என் பென்சிலைப் பிடுங்கிக் கீழே எழுதினாள்: ‘கண்ணை மூடி நினைக்க உங்களுக்கு யாரும் இல்லை போலிருக்கிறது.’

அந்தத் தட்டில் இருபது புத்தகம்தான். புதிது வரும்வரை இரு தரப்பும் பழையதையே சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். அதனால் சண்டை தங்குதடையின்றி நடந்தது. ஆஃப்சைடு பற்றி அவர் ஒரு பக்கம் முழுக்க விளக்கினார். அத்தை ‘தலை சுற்றுகிறது’ என்று பதில் எழுதினாள். அடுத்த முறை அவர் படம் வரைந்தே விளக்கியிருந்தார். அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஃப்சைடு அவ்வளவு கடினமான விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆனி மாதத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. அத்தைக்குப் பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு வரன் கிடையாது. போட்டோவில் கோட்டுப் போட்டவர் ஒரு காரின் மேல் கைவைத்து நின்றார். அப்பாவுக்குப் பரம திருப்தி. “ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் எதுவும் பேச முடியாது. அதுக்குள்ள சம்மதம்னு எழுதிப் போட்டுடணும்” என்றார். அத்தை, “ரெண்டு வாரம் டைம் குடுண்ணா” என்றாள்.

அதே வாரம் நூலகத்தில் விதி 9 தொங்கியது. நூலகக்காரர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகங்களையே வரிசையில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரிதான் அடுக்குவார். என்னைப் பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டு விரலை ஆட்டினார்: “மத்மொசேல், இனிமே எழுத்து இருந்திச்சி, கார்டு காலி. சொல்லிட்டன்.”

அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு கோல்கீப்பர் கதை. ‘நீ பந்தைப் பிடித்தால் அவள் கையைப் பிடிக்க முடியாது’ என்று அதில் மொட்டைக் கடிதம் வரும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அத்தை புதிதாக எழுதியிருந்தாள்: ‘இவ்வளவு சட்டம் பேசுகிறவர் எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு நிற்பீர்கள்? நேரில் பார்க்க வேண்டும்.’ அந்த ஆள் கோல்கீப்பரே இல்லை, புளுகுகிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் கார்டு அதைவிட முக்கியம். நூலகப் படியிலேயே உட்கார்ந்து ரப்பரை எடுத்து அந்தப் புத்தகத்திலிருந்த பென்சில் எழுத்தை எல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். விதியை மதித்துச் செய்த முதல் வேலை அது.

பிறகு நான் கொண்டுவரும் ஒவ்வொரு புத்தகத்தையும் அத்தை கதையைப் படிக்காமல் ஓரங்களை மட்டும் புரட்டினாள். புதிதாகப் பதில் ஒன்றும் இல்லை. அழித்ததைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரக் கடைசியில், “எழுதிடுண்ணா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சம்மதக் கடிதத்தை எழுதி ஒட்டி அவளிடமே கொடுத்தார். அவளுடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் பெரிய தபாலாபீஸ். மறுநாள் அவள் ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடி, “இதத் திருப்பிக் குடுத்துடு” என்றாள். பார்த்தேன். அறுபதாம் பக்கம். மொட்டைக் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு மனுஷி புத்தகத்தை மூடுவாளா? எனக்குப் பயம் வந்துவிட்டது.

“அத்தே, நான்தான் அழிச்சன்.”

“எத?”

“எல்லாத்தையும். மைதானம் எதுன்னு கேட்டியே, அதையும்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போடி, பெரிய ஆபீசரு” என்றாள். அவ்வளவுதான்.

தவறு என்னுடையது, திருத்தும் பொறுப்பும் என்னுடையது. நூலகத்தில் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு; அதில் எழுதுவதற்கு விதி 9 குறுக்கே வராது. யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை போய் அதில் எழுதினேன்: ‘ஐயா, கோல்கீப்பர் என்று சொல்லிக்கொள்ளும் வாசகருக்கு. தங்களிடம் என் அத்தை கேட்ட கேள்வி என்னால் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது. கேள்வி பின்வருமாறு.’ பின்வருமாறு கேள்வியை முழுதாக எழுதினேன். ‘பிரான்ஸ் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதியாகிவிட்டபடியால் விரைந்து பதில் தர வேண்டுகிறேன்.’ கையெழுத்து, வகுப்பு, பிரிவு.

நூலகக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவருக்கு இரண்டு பேரையும் தெரியும். மில் ஷிப்டு முடிந்து வரும் அந்த மனிதரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அவர் ராணுவத்தில் இருந்தவர். ஓரத்தில் ‘சம்பந்தப்பட்டவர் பதில் தரவும்’ என்று சிவப்பு மையில் எழுதி முத்திரை குத்தினார். நான் குறை சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் புகார்ப் புத்தகத்தைப் போல வாசிக்கப்பட்ட புத்தகம் வேறில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னை நிறுத்தி, “பதில் வந்திச்சாடி?” என்று கேட்டார்கள். அத்தையின் காதுக்கும் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போது அவள் கைப்பையில் அப்பாவின் கடிதம் அப்படியே இருந்தது. பாவம், மறதி என்று நினைத்தேன். நினைவுபடுத்தவும் செய்தேன். “நீ ஒன் வேலையப் பாரு” என்றாள்.

புதன்கிழமை ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். நூலகக்காரர் மெடல்களை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு அணிவகுத்துப் போய்விட்டதால் நூலகம் கிடையாது. வியாழக்கிழமை அவருக்கு முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை மாலை போனேன். புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் மனுவுக்குக் கீழே, கோணல்மாணலான எழுத்தில்: ‘ஞாயிறு மாலை நாலு மணி. மில் மைதானம், வடக்கு கோல். கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.’

மனப்பாடம் செய்துகொண்டு ஓடி வந்து சொன்னேன். அத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னாள். பிறகு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

“இதப் போடலண்ணா. ஞாயித்துக்கெழம மில் மேட்சு இருக்குதாம். நீயும் வரணும்.”

அப்பா கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவரும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். “யாரு, நம்ம தறி செக்ஷன் கோல்கீப்பரா? போன வருசம் ஃபைனல்ல மூணு கோல் வுட்டவனாச்சே” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “நாலு மணி வெயிலு. கொடை எடுத்துக்குங்க” என்றாள்.

எனக்கோ அந்தப் பதிலில் திருப்தியே இல்லை. இடமும் நேரமும் சொல்லியிருக்கிறார். அவர்தான் கோல்கீப்பர் என்பதற்கு ஆதாரம் எங்கே? கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்பது கேட்ட கேள்விக்கு வெளியே இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். அத்தை வந்து பென்சிலைப் பறித்து, என் கன்னத்தில் நச்சென்று ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். பதில் முழுமையில்லாதபோது அவளுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மாமா கைப்பட எழுதிய அந்தப் பதில் வரப்பெற்ற நாள்: ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.