என் பெயரில் ஓடிய புரோகிராம்

தஞ்சாவூரில் நான் வேலை பார்த்தது, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை டைப் செய்து திருப்பி அனுப்பும் கம்பெனி. டைப் செய்கிறவர்கள் மன்னார்குடி கிளையில் இருந்தார்கள். அங்கே சேரும் ஃபைல்களை எங்கள் சர்வர் தானாகவே எடுத்து வர ஒரு புரோகிராம் எழுதினேன். நானே உட்கார்ந்து ஓட்டினால் சமர்த்தாக ஓடியது. சர்வரில் பின்னணியில் ஓடவிட்டால், மன்னார்குடியில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று சாதித்தது.

நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நான் ஓட்டும்போது அது என் பெயரில் போகிறது. மன்னார்குடி கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியும், உள்ளே விடுகிறது. பின்னணியில் ஓடும்போது அதற்குப் பெயரே இல்லை. ஊர் பேர் தெரியாததை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அதற்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கி, ஃபைலை எடுக்க மட்டும் அனுமதி கொடுப்பதுதான் முறை. மேலாளருக்கோ அவசரம். "இப்போதைக்கு உங்க பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு விட்டுடுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். போட்டேன், ஓடியது. அந்த அப்புறம் வரவே இல்லை.

என் பாஸ்வேர்டு இன்னொருத்திக்கும் தெரியும். தினமும் திருவிடைமருதூரில் என்னோடு பஸ் ஏறி, என் டிபன் டப்பாவில் பாதியைக் காலி செய்து, பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். எங்கள் இருவரில் ஒருத்தியை ஆறு மாதம் அமெரிக்கா அனுப்பப் போவதாகப் பேச்சு. புரோகிராம் எழுதியவள் நான் என்பதால் நான்தான் போவேன் என்று ஆபீஸே சொல்லிக்கொண்டிருந்தது. நானும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன்.

அக்கா வளைகாப்புக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால், மன்னார்குடியில் ஒரு நாள் வேலை மொத்தமும் காணோம். அழித்தது யார் என்று பார்த்தால், பதிவில் என் பெயர்.

அன்று மாலை பஸ்ஸில் அவளே வாயைத் திறந்தாள். "மன்னார்குடி கம்ப்யூட்டர்ல இடம் இல்லன்னு வந்துச்சுடி. உன் பேர்ல உள்ள போயி, பழசுன்னு நெனச்சு அழிச்சுட்டேன். நாளைக்கு சார்கிட்ட நானே சொல்லிடுறேன்." சொல்லிவிட்டு அழுதாள். நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் ஊரிலேயே இல்லையே சார் என்றேன்.

"நீங்க லீவுல இருந்தா என்னம்மா, உங்க புரோகிராம் லீவுல இல்லையே. வேற யாருக்காவது உங்க பாஸ்வேர்டு தெரியுமா?"

அவளைப் பார்த்தேன். வளையலைத் திருகிக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று அறையை விட்டு வெளியே வரும்வரை நம்பினேன். பாவி, வாயே திறக்கவில்லை.

அமெரிக்காவுக்கு அவள்தான் போனாள். கிளம்பும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வேறு வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தலையில் கை வைத்து மனசார வாழ்த்தினாள்.

மூன்றாவது வாரம் அவளிடமிருந்து மெயில் வந்தது. அங்கேயும் என்னுடையதைப் போல ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாளாம். 'தனியா ஒரு கணக்கு வேணுமா, இல்ல என் பேரையே போட்டா போதுமாடி? உன்ன விட்டா யார நம்பிக் கேக்குறது?'

உடனே பதில் போட்டேன். 'உன் பேரையே போடு. ஒண்ணும் ஆகாது.'