மாப்பிள்ளைக் கட்டு

என் கழுத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கோபம் வருகிறது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்ட பிறகும் காலருக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போய்வரும். கல்யாணத்தில் மாலை விழுந்ததும் என் தலை சாய்ந்ததைப் பார்த்து, பெண் வீட்டுப் பக்கம் யாரோ, "பூவையே தாங்கல, பொண்ண எங்க தாங்கப் போறாரு" என்றார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது என் சொந்தப் பெரியப்பா.

பெண்ணுக்கு ஊர் பிள்ளைப்பாக்கம். நான் குன்றத்தூரில் வாடகைக்கு இருந்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் எங்கள் பக்கத்து ஆட்கள் வேலைக்கு அங்கேதான் பஸ் ஏறிப் போவோம். காணி நிலம் இல்லாத சம்பளக்காரனுக்குப் பெண் கொடுத்ததில் மாமனாருக்கு அரை மனசு. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் அறுப்பில், மாப்பிள்ளை ஒரு நெல் கட்டை வயலிலிருந்து களம் வரை தலையில் சுமக்க வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது.

"தூக்கிடுவீங்க இல்ல?" என்றாள் மனைவி. தன் அண்ணன்களிடம் ஏற்கெனவே அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மானம் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போகும்.

என் ஷிஃப்டில் எடை தூக்கும் நண்பன் ஒருவன் இருந்தான். கழுத்தே இல்லாமல் தோளிலிருந்து நேராகத் தலை முளைத்தவன். பழைய சைக்கிள் டியூபில் துண்டைச் சுற்றித் தலைக்கு ஒரு வார் செய்து, அதில் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டான். நான் ஐந்து கிலோ கேட்டேன்.

"கழுத்துபா அது, கிரேன் இல்ல. மெதுவா குனி, மெதுவா நிமிரு. வெடுக்குனு இழுக்காத, சுத்தாத. வலிச்சா, கை மரத்துச்சுன்னா அன்னிக்கி வுட்டுடு. எடைய அப்புறம் ஏத்திக்கலாம்."

தினமும் முக்காலியில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, குனிந்து நிமிர்ந்தேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரம்மா, "இன்னாபா, தெனம் யாருக்கு ஆமா சொல்ற?" என்று கேட்டாள். முறைத்தேன். அறுப்பு நெருங்கியபோது காலருக்குள் ஒரு விரல்தான் போனது. அதை பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அறுப்பன்று பெரிய மச்சான் கட்டுக் கட்டியதில் கஞ்சத்தனமே இல்லை. தலையில் சும்மாடு வைத்து இரண்டு பேராகத் தூக்கிவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கழுத்து தாங்கியது. பாதி வரப்பு தாண்டியதும் எனக்குத் திமிரே வந்துவிட்டது.

வரப்பு திரும்பும் இடத்தில் மாமனார் நின்றிருந்தார். "இன்னா மாப்ள, தாங்குதா?"

அவர் கேட்டு நான் வாய் திறந்து பதில் சொன்னதே கிடையாது. அவ்வளவு பயம், அவ்வளவு மரியாதை. எது கேட்டாலும் தலைதான் ஆடும். அன்றைக்கும் ஆட்டினேன். அதுவும் பழகியபடியே, மெதுவாகக் குனிந்து. நிமிர்வதற்குள் கட்டு பக்கத்துக் கால்வாயில் கிடந்தது.

மச்சான்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதிர் அறுத்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எறக்கிட்டாரு. இது கணக்குல வராது" என்றார் பெரிய மச்சான்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக் கால்வாயில் இறங்கினார். கட்டை நிமிர்த்தித் தண்ணீர் வடியவிட்டார்.

"அவரு எங்கடா எறக்குனாரு? நான் கேட்டேன், வுழுந்துச்சு. சொமையோட வர்ற ஆளாண்ட பேச்சு குடுத்தது என் தப்பு."

ஈரக் கட்டு முன்னைவிடக் கனம். அதை அவரே என் தலையில் ஏற்றினார். பிறகு எனக்கு முன்னால் வரப்பில் நடந்தார். "ஒத்து, ஒத்து! வழி வுடுங்க! யாரும் அவர ஒண்ணியும் கேக்காதீங்க!"

களம் வரைக்கும் அதையே கத்திக்கொண்டு போனார். வயலில் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள், என் மனைவியும். எனக்குக் கண் நிறைந்து வரப்பே தெரியவில்லை. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையும் கட்டின் மேல் இருந்தன.